வார லீவு செவ்வாய்

எனக்கு வார லீவு செவ்வாய்.
செவ்வாயில் முடி வெட்டக்கூடாது.
ஆறு மாதமாக இந்த இரண்டு வரிக்கு நடுவில்தான்
தொங்கிக்கொண்டிருக்கிறது,
இடுப்புக்குக் கீழே ஒரு சாண் வரை.

தலைக்குக் குளிக்க இரண்டரைக் குடம்.
செல்லூரில் எங்கள் சந்துக்கு
நாள்விட்டு நாள்தான் தண்ணீர்,
அதுவும் விடிகாலை மூன்றரைக்கு.
அடிபம்புத் தண்ணீரில் அலசினால்
பாதி முடியில் நின்றுவிடும் சீப்பு,
ரயில்வே கேட்டில் மாட்டிய மில் பஸ் மாதிரி.

கொண்டை போட்டு
கொண்டைக்கு மேல் தொப்பி போட்டு
எட்டு மணி நேரம்
ரிங் ஃபிரேமுக்கு முன்னால் நடக்கிறேன்.
அறுந்த நூலை ஒட்டுவது என் வேலை.
மூன்று நொடி போதும் எனக்கு.
கப்பலூர் மில்லில் என்னைவிட வேகமாக ஒட்ட ஆளில்லை.
சாயந்தரம் தொப்பியைக் கழற்றினால்
கழுத்து தனியாக வலிக்கிறது, வேறு யாருடையதோ போல.

இந்த ஊரில்தான் ஒரு காலத்தில்
பெண்கள் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று
ஆண்களாகக் கூடி வழக்காடினார்களாம்.
சாமியே இறங்கி வந்தும் தீரவில்லையாம்.
கூந்தல்காரி ஒருத்தியையாவது
கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.
கேட்டால் சொல்வேன்:
உண்டு ஐயா.
பஞ்சுத் தூசி, ஸ்பிண்டில் எண்ணெய்,
நைட் ஷிஃப்டில் தொப்பிக்குள் ஊறிய வேர்வை.
எழுதிக்கொள்ளுங்கள்.

"உன் முடி, உன் இஷ்டம்" என்றார் சோணைமுத்து.
சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.
மகள் நிமிர்ந்து பார்த்து
"எங்க பி.டி. மிஸ் மாதிரி இருப்பம்மா" என்றாள்.
அந்த மிஸ்ஸை அவளுக்குப் பிடிக்குமா என்று
நான் கேட்கவில்லை.

போன ஆடியில் பாண்டி கோயிலில்
முழு மொட்டை போட்டுக்கொண்டாள் என் நாத்தனார்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஆளாளுக்குச் சந்தனம் குழைத்துக் கொடுத்தார்கள்.
சாமிக்கென்றால் மொத்தமும் போகலாம்.
கழுத்துவலிக்கென்றால்
ஒவ்வொரு விரற்கடைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

எனக்கும் பிடிக்கும் என்பதுதான் சிக்கல்.
ஒருநாள் மாட்டுத்தாவணி பஸ்ஸில்
பின்சீட்டுக்காரி "சவுரியாக்கா?" என்று
இழுத்தே பார்த்துவிட்டாள்.
திரும்பித் திட்டினேன்.
திட்டிவிட்டு, கோரிப்பாளையம் வரை
வெளியே பார்ப்பதுபோல் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ராக்கம்மாளிடம் லீவு மாற்றிக் கேட்டேன்,
வியாழக்கிழமை வேண்டுமென்று.
"எதுக்கு?"
முடி என்று வாயில் வரவில்லை.
"காதுகுத்து" என்றேன்.
"யாருக்கு?"
"தம்பி மகனுக்கு."
எனக்குத் தம்பி கிடையாது.
மொய்யாக ஐம்பது ரூபாய் கொடுத்தனுப்பினாள் பாவி.

அரசரடியில் ஜெஸிந்தா பார்லர், மாடியில்.
பின்னலை எடுத்து
கத்தரிக்காய் வாங்குகிறவள் போல் தூக்கிப் பார்த்தாள்.
"வெட்டின முடி உங்களுக்கா, எனக்கா?"
என்ன விலை என்றேன்.
சொன்னாள்.
பதினெட்டு வருஷ முடி,
ஒரு வாஷிங் மெஷினுக்கு முதல் தவணைகூடத் தேறாது.
எண்ணெய்ச் செலவை நினைத்துக்கொண்டேன்.

துண்டைக் கழுத்தில் சுற்றினாள்.
"எதுவரைக்கும்?"
தோள்வரை என்றுதான்
வீட்டுக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகியிருந்தேன்.
கையை எடுத்துத் தோளில் வைத்தேன்.
நின்றது கொஞ்ச நேரம்.
பிறகு என்னைக் கேட்காமல்
கழுத்தைத் தாண்டி
மேலே போய்க்கொண்டிருந்தது விரல்.

"காது வரைக்குமா?"
"காதுகுத்துதானே" என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.